மெரியானாவின் சைலன்சர் மூடி

எங்கள் மெரியானா அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவளுடைய வண்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவளிடமிருந்து தொடங்கினால் அவளே கோபித்துக்கொள்வாள். நான் அவளுடைய கடைசித் தம்பி பீட்டாவைக் கட்டியவள், பெயர் ஹரியாட்டா. இந்தக் குடும்பத்துக்குள் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதில் பாதி அந்த வண்டியைப் பற்றிய பேச்சைக் கேட்டே கழிந்தது.

வண்டி ஒரு ஸ்டேஜியா. வெளியே இருந்து பார்த்தால், பிள்ளைகளையும் மளிகைச் சாமானையும் ஏற்றிக்கொண்டு போகிற நீளமான சாம்பல் நிற வேகன், அவ்வளவுதான். முன்மூடியைத் தூக்கினால் உள்ளே பந்தயக் காருக்கு வைக்கிற எஞ்சின் உட்கார்ந்திருக்கும். டர்போ உண்டு, நாலு சக்கரமும் இழுக்கும். ஜப்பானில் யாரோ ஒரு பல் டாக்டர் வைத்திருந்தாராம். கப்பலில் வந்த கார்களை ஆக்லாந்தில் விற்கிற ஆள் அப்படித்தான் சொன்னான். பல் பிடுங்கப் போகிறவருக்கு இத்தனை அவசரம் எதற்கு என்று கேட்டேன்.

வாங்கப் போன அன்று கூட வந்தது ராவிரி. அவன் மெரியானாவுக்கு மூத்த அண்ணன். ஆக்லாந்து துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஆள் ஆறடிக்கு மேல்; சிரித்தால் கூரைத் தகரம் அதிரும். விற்கிறவன் எஞ்சினைப் பற்றி அளந்துகொண்டிருக்க, இவன் பின்கதவைத் தூக்கி, சீட்டை மடக்கி, பூட்ஸ் காலோடு உள்ளே ஏறி நீட்டிப் படுத்தான். கொஞ்ச நேரம் கண்ணை மூடியே கிடந்தான்.

"படுத்துப் பாத்துட்டேன் மெரி. கால் இடிக்கல. வாங்கிடு."

இப்படித்தான் வண்டி வாங்கினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்போம்.

மெரியானாவுக்கு வேலை எங்கள் பள்ளத்தாக்கின் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது. காலையும் மாலையும் அந்த மஞ்சள் பஸ்ஸை மாட்டுவண்டி வேகத்தில் உருட்டுவாள். ஒரு பிள்ளை சீட்டை விட்டு எழுந்தால் நடுரோட்டில் நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் முறைப்பாள். அந்தப் பிள்ளை உட்கார்ந்த பிறகுதான் பஸ் நகரும். வாரம் முழுக்க இப்படி அடக்கி வைத்ததை ஞாயிற்றுக்கிழமை ஆற்றோரத்து நேர்ச் சாலையில் தனியாகப் போய்த் தீர்த்துக்கொள்வாள். தனியாகத்தான் போவாள். வண்டியில் இன்னொரு உயிர் இருந்தால் முள் நூறைத் தாண்டாது. ராவிரி வரும்போதெல்லாம் ஒரே ஒரு தடவை அழுத்திக் காட்டு என்று கெஞ்சுவான். அவள் மசிய மாட்டாள்.

கட்டினவன் ஆஸ்திரேலியாவுக்குச் சுரங்க வேலைக்குப் போனான், போனவன் போனவன்தான். அதற்கு அவள் அழுது நான் பார்க்கவில்லை. வேலி தாண்டி வந்த ஒரு பன்றி மோதி முன் பம்பர் உடைந்ததே, அன்றைக்கு ஓரமாக உட்கார்ந்து அழுதாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கு இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

அந்த வண்டி பேசும். சாவியைத் திருப்பியதும் உள்ளேயிருந்து ஒரு ஜப்பான்காரி, தேன் தடவிய குரலில், மரியாதையாக ஏதோ ஒரு வாக்கியம் சொல்வாள். அதை நிறுத்த எங்கள் ஊரில் யாருக்கும் தெரியவில்லை. அந்த ஊர்ச் சுங்கச்சாவடி அட்டையைப் பற்றி ஏதோ என்று விஷயம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். ராவிரி ஒத்துக்கொள்ளவில்லை. நான் கதவை ஓங்கிச் சாத்துகிறவள். "ஹரியாட்டா, கதவ மெதுவா சாத்தும்மானு சொல்றா. அந்த ஊர்ல இருந்தே உன்னயத் தெரிஞ்சிருக்கு பாரு" என்பான். அன்றிலிருந்து அந்தக் குரல் வரும்போதெல்லாம் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

பேச்சு அழகுதான். சத்தம்தான் தாங்காது. அகலமான சைலன்சர் ஒன்றை மாட்டியிருந்தாள். புகேனுய் மேட்டின் உச்சியில் வண்டி ஏறினால் கீழே பள்ளத்தாக்கின் கோடியில் இருக்கிற எங்கள் மராய் வரைக்கும், நல்லது கெட்டதுக்கு எங்கள் ஜனம் கூடுகிற அந்த மண்டபம் வரைக்கும் கேட்கும். மராயை ஒட்டினாற்போல மாமியார் வீடு. கிழவிக்குச் சர்க்கரையில் கண் போய்விட்டது. நிழல் மாதிரி ஏதோ தெரியும். காது மட்டும் பாம்புக் காது. சத்தம் கேட்ட நிமிஷமே திட்ட ஆரம்பிப்பாள். திட்டிக்கொண்டே தட்டித் தடவிப் போய் அடுப்பில் கெட்டிலை வைப்பாள். மெரியானா மேட்டிலிருந்து இறங்கி வாசலுக்கு வரவும் தண்ணீர் கொதிக்கவும் சரியாக இருக்கும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். இத்தனை சத்தம் போட்டால் சான்றிதழ் கிடைக்காது. அதற்காக ஒரு மூடி வைத்திருந்தாள். இந்த மாதிரி வண்டி வைத்திருக்கிற எல்லாரிடமும் ஒன்று இருக்கும். நடுவில் சின்ன ஓட்டை போட்ட இரும்புத் துண்டு; சைலன்சர் வாயில் செருகி ஒரு போல்ட்டால் முடுக்கிவிட்டால் வண்டி சாதுவாகிவிடும், இழுவையும் குறைந்துவிடும். சோதனை முடிந்து முதல் வளைவு திரும்பியதும் கழற்றி டேஷ்போர்டுப் பெட்டியில் போட்டுக்கொள்வாள். சோதனை செய்கிறவருக்கும் இது தெரியும்.

"அந்த மூடிய எப்பவும் மாட்டியே வச்சா உனக்கு என்னடி கொறஞ்சு போகுது?" என்று மாமியார் கேட்காத நாள் கிடையாது.

"அதுக்கு மூச்சு முட்டும்மா" என்பாள் மெரியானா. அந்தச் சண்டை அவர்களுக்கு வெற்றிலை பாக்கு மாதிரி, தினம் வேண்டும்.

போன குளிர்காலத்தில் ராவிரி போய்விட்டான். கிரேனிலிருந்து இறங்கி, சாப்பாட்டு அறைக்கு நடந்து போனவன், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டான். நெஞ்சு. ஐம்பத்தெட்டு வயசு. சேதி வந்தபோது மாமியார் எப்போது கொண்டுவருவீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

அன்று மராயில் எல்லாரும் கூடினோம். வெள்ளிக்கிழமை அடக்கம் என்று முடிவாயிற்று. அதைத் தள்ளிப்போட வழியில்லை; சனிக்கிழமை மேட்டுக்கு அந்தப் பக்கத்து மராயில் இன்னொரு இழவு, சமையல்காரர்களும் கூடாரமும் அங்கே போயாக வேண்டும். புதன்கிழமை பொழுதுக்குள் ராவிரி வந்து சேர்ந்தால் பெற்றவளுக்கு அவனோடு இரண்டு ராத்திரி. பொழுது சாய்ந்து வந்தால் ஒன்றுதான். எங்கள் வாசலில் இருட்டிய பிறகு பிணம் நுழையாது. மேட்டுக்கு அந்தப் பக்கமே தங்கி விடிந்து வர வேண்டும். மாமியாரை அதுவரைக்கும் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது.

எதில் கொண்டுவருவது என்று பேச்சு வந்தது. மெரியானா தன் வண்டியில்தான் என்றாள். எருவேரா மாமாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. அவர் மாமியாரின் தம்பி. மராயில் எது சரி, எது தப்பு என்பதில் அவர் சொல்வதுதான் கடைசிச் சொல். நல்ல மனுஷர், ஆனால் சட்டையில் கடைசிப் பொத்தான் வரைக்கும் போடுகிறவர். இழவுக்குப் போகிற வண்டி மாதிரியா இருக்கிறது, ரேசுக்குப் போகிற வண்டி மாதிரி இருக்கிறது என்றார். ஊரே வெளியே வந்து பார்க்கிற சத்தத்தில் ஒரு மனுஷனைக் கடைசியாக வீட்டுக்குக் கொண்டுவருவதா என்று கேட்டார்.

மெரியானா சத்தமே போடவில்லை.

"அவன் ஏற்கெனவே படுத்துப் பாத்துட்டான் மாமா."

மாமா கைத்தடியை ஊன்றி எழுந்து, சத்தம் மட்டும் வரக்கூடாது என்றார். வராது என்று வாக்குக் கொடுத்தாள். அன்று சாயங்காலமே அந்த மூடியை எடுத்து, மண்டி போட்டு, சைலன்சரில் செருகி முடுக்கினாள். சோதனை இல்லாத ஒரு நாளில் அதை அவள் மாட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமையே நானும் அவளும் ஆக்லாந்து போய்ச் சேர்ந்தோம். பீட்டா இழவுச் சமையலுக்குப் பன்றிக்கும் விறகுக்கும் அலைந்துகொண்டிருந்தான். புதன் காலை ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட வேண்டிய ஒருவர் வரவே இல்லை. வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் பெட்டியைத் தந்தார்கள். பின்சீட்டில் ஒரு பக்கத்தை மடக்கி, முன்சீட்டை முன்னால் தள்ளி, பெட்டியை உள்ளே விட்டோம். அளவெடுத்த மாதிரி போய் உட்கார்ந்தது. மிச்சமிருந்த ஒற்றைச் சீட்டில், பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு நான். வழி நெடுக அவன் தனியாக இருக்கக் கூடாது.

மெரியானா சாவியைத் திருப்பினாள். ஜப்பான்காரி மரியாதையாகச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். பழக்க தோஷத்தில் நான் கதவைப் பார்த்தேன், பிறகு பெட்டியைப் பார்த்தேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து எனக்கு விக்கலே எடுத்துவிட்டது. மெரியானா கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

பின்னால் ஆக்லாந்து சொந்தங்கள் ஒரு பழைய வேனில் வந்தார்கள். பன்னிரண்டு பேர் அடைந்து உட்கார்ந்திருந்தார்கள். ஏற்றம் வந்தால் அந்த வேன் பெருமூச்சு விட்டது. எங்கள் வண்டியோ மூடியின் புண்ணியத்தில் பூனை மாதிரி போனது. பிணம் இருக்கிற வண்டியில் சாப்பிடக் கூடாது என்பதால் வயிறு ஒட்டிக் கிடந்தது. மெரியானா வழி முழுக்க ராவிரியோடு பேசிக்கொண்டே வந்தாள். இதோ நீ எப்போதும் சுடச்சுடக் கறிப் பை வாங்கித் தின்கிற கடை, இன்றைக்கு உனக்கு இல்லை. டாக்டரிடம் போ போ என்று எத்தனை தடவை சொன்னேன், காதில் வாங்கினாயா? இப்போது பார். திட்டிவிட்டு மூக்கை உறிஞ்சுவாள், மறுபடி சாலையைப் பார்ப்பாள். ஓபோட்டிகி பாலத்தில் நிறுத்தி, அவன் சின்ன வயதில் மீன் பிடித்த ஆற்றைப் பார்க்கட்டும் என்று பின்கதவைத் தூக்கி வைத்தாள். அப்போது பொழுது இருந்தது.

கடலோரச் சாலையில் ஏறியதும் வந்தது வினை. முந்தின வாரத்து மழையில் மலை சரிந்து பாதிச் சாலை மண்ணுக்குள் கிடந்தது. இயந்திரம் ஒன்று அள்ளிக்கொண்டிருந்தது. 'நில்' பலகையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். எங்கள் பின்கண்ணாடியில் பெட்டியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். என்ன செய்ய, மண்ணுக்கு மரியாதை தெரியாதே. காத்திருந்தோம், காத்திருந்தோம். அந்தப் பக்கம் போனில் சிக்னல் ஒரு கோடுகூட வராது. மராயில் எங்களைப் பற்றி ஒரு தகவலும் தெரியாது. வழி விட்டபோது வெயில் மஞ்சளாகிவிட்டது.

அதற்குப் பிறகு வேன் இன்னும் மெதுவாகப் போவது போல எனக்குத் தோன்றியது. எப்பேர்ப்பட்ட எஞ்சினை வைத்துக்கொண்டு இப்படி உருட்டுகிறோமே என்று தாங்க முடியவில்லை. எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வராது.

"அண்ணி, வேன் பின்னாடி வரட்டும். நாம முன்னாடி போயிடலாம். இந்த வண்டியால முடியும்ல?"

"முடியும்" என்றாள். "நாம ரெண்டு பேரு மட்டும் அவனக் கூட்டிட்டுப் போயி வாசல்ல நின்னா, ஆளில்லாத அனாதை மாதிரி ஆயிடுவான்டி. அவனுக்குப் பின்னாடி ஜனம் வரணும். அதுவும் இல்லாம அவன் படுத்திருக்கான். தூக்கிப் போடும்."

நான் பெட்டியை ஆடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

புகேனுய் மேட்டின் உச்சிக்கு வந்தபோது சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டிருந்தது. வானத்தில் மட்டும் அடுப்புத் தணல் மாதிரி கொஞ்சம் சிவப்பு. கீழே பள்ளத்தாக்கு ஏற்கெனவே நீலமாகிவிட்டது. மராயின் விளக்குகள் தெரிந்தன. இறங்கிப் போய்ச் சேரும்போது நிச்சயம் இருட்டிவிடும். மாமாவை எனக்குத் தெரியும். போச்சு, ஒரு ராத்திரி போச்சு என்று நினைத்தேன்.

மெரியானா வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினாள். டேஷ்போர்டுப் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வேனும் பின்னால் வந்து நின்றது. அவர்கள் தலையை நீட்டி என்ன என்று கேட்டார்கள். அவள் கழுத்தில் இருந்த கறுப்புத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு சைலன்சருக்கு முன்னால் மண்டி போட்டாள். நாள் முழுக்க ஓடிய இரும்பு. துண்டு கருகிய வாடை எனக்கே வந்தது. "ஸ்ஸ்" என்று ஒருதரம் சொன்னாள். மூடி கழன்று சரளைக் கல்லில் விழுந்து உருண்டது.

இனிமேல் வேகமாகப் போய் என்ன பிரயோஜனம் என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. வந்து உட்கார்ந்தவள் வண்டியை நகர்த்தவில்லை. நின்ற இடத்திலேயே ஆக்ஸிலேட்டரை அழுத்தினாள். பெட்டி, கண்ணாடி, என் பல் எல்லாம் அதிர்ந்தன. மலைக்கு மலை மோதி அந்தச் சத்தம் பள்ளத்தாக்குக்குள் இறங்கியது. விட்டாள். மறுபடி அழுத்தினாள்.

"அண்ணி, என்ன பண்றீங்க? பிணத்த வச்சுக்கிட்டு! மாமாவுக்கு வாக்குக் குடுத்தீங்க!"

"மாமாவுக்குத்தான் குடுத்தேன். அம்மாவுக்குக் குடுக்கல." அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கக்கூட இல்லை. "காலையில இருந்து காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பாடி. இந்த மூடிய மாட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் சத்தமில்லாமப் போனா நாம வர்றது அவளுக்கு எப்படித் தெரியும்? கேக்கட்டும். புள்ள மேட்டுக்கு வந்துட்டான்னு கேக்கட்டும்." பிறகு தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தாள். "ராவிரி, எத்தன நாளாக் கேட்ட. இந்தா, வாங்கிக்கோ."

மூன்றாம் தடவை அழுத்திவிட்டு, பஸ் ஓட்டுகிற வேகத்தில் மேட்டிலிருந்து இறங்கினாள்.

வாசலுக்கு வந்தபோது விளக்கு போடாமல் எதிரே இருப்பவர் முகம் தெரியாது. கதவு சாத்தியிருக்கும், மாமா கைத்தடியோடு வந்து திரும்பிப் போங்கள் என்று மெதுவாகச் சொல்வார், அதற்கு எப்படிப் பதில் சொல்வது என்று நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். கதவு இரண்டு பக்கமும் மலரத் திறந்திருந்தது. கறுப்பு உடுத்திய பெண்கள் வரிசையாக நின்றார்கள். நாங்கள் இறங்கி, வேனில் வந்தவர்கள் பெட்டியைத் தோளுக்கு எடுத்ததும், உள்ளேயிருந்து முதல் அழைப்புக் குரல் எழுந்தது. வா, எங்கள் மகனே, வா என்று. மாமா தலை குனிந்து நின்றார். பெட்டியைக் கொண்டுபோய் மாமியார் பக்கத்தில் வைத்தோம். அவள் மரத்தைத் தடவித் தடவி முகம் இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்தாள்.

என்ன நடந்தது என்று பீட்டா அப்புறம்தான் சொன்னான். சிவப்பு மங்கத் தொடங்கியதும் மாமா கதவைச் சாத்தச் சொல்லியிருக்கிறார். மேட்டுக்கு அந்தப் பக்கமே தங்கும்படி எங்களிடம் சொல்ல ஆள் கிளம்பிவிட்டான். அப்போது சத்தம் வந்திருக்கிறது. சேதி வந்த நாளிலிருந்து இரண்டு பேர் பிடித்தால்தான் எழுந்திருந்த மாமியார், தூணைப் பிடித்துக்கொண்டு தானாக எழுந்து நின்றாளாம்.

"எருவேரா, ராவிரி வந்துட்டான். மேட்டுல நிக்கிறான். எனக்குக் கண்ணு தெரியாது, நீ பாத்துச் சொல்லு. மேட்டு மேல வெளிச்சம் இருக்கா இல்லையா?"

மாமா மேட்டைப் பார்த்தாராம். பொய் சொல்லத் தெரியாத மனுஷர்.

"கொஞ்சம் இருக்குக்கா."

"அப்ப என் புள்ள வெளிச்சத்துலயே வந்துட்டான். கதவத் தொற."

அன்று ராத்திரி பெட்டியைச் சுற்றி மெத்தைகளைப் போட்டுப் படுத்தோம். மாமியார் ஒரு பக்கம், மெரியானா மறுபக்கம், அவள் காலடியில் நான். மெரியானாவின் உள்ளங்கையில் கொப்புளம் போட்டிருந்தது. மாமியார் பெட்டிக்கு மேலாகக் கையை நீட்டி, மகளின் கையைப் பிடித்து, விரலால் அந்தக் கொப்புளத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"அந்த மூடி எங்கடி?"

"மேட்டுலயே கெடக்கும்மா. நாளைக்கு எடுத்துட்டு வந்துடறேன்."

"வேண்டாம். அங்கயே கெடக்கட்டும்."

"அப்ப சோதனைக்குப் போறப்ப என்னம்மா பண்றது?"

"அன்னைக்கு நானும் வண்டில வர்றேன்" என்றாள் மாமியார். "அந்தாளுகிட்ட நான் பேசிக்கிறேன்."

பத்து வருஷத்துக்கு மேலாக அந்த வண்டியில் கால் வைக்க மாட்டேன் என்று சொன்னவள் அவள். மெரியானா அம்மாவின் கையை விடாமல், அண்ணன் மேலேயே வைத்தபடி தூங்கிப்போனாள்.